மைக்கேல் கர்ட்டிஸ் படங்களை எட்டு சனிக்கிழமைக்கு எப்படி அடுக்குவது?

சிம்மக்கல்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடி ஹாலில் எங்கள் திரைப்படக் குழு வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்குப் படம் போடுகிறது. நாற்பது நாற்காலி, 8 அடிக்கு 4½ அடி திரை, சாதாரண 1080 ப்ரொஜெக்டர். அடுத்த எட்டு வாரமும் ஹாலிவுட் இயக்குநர் மைக்கேல் கர்ட்டிஸ் எடுத்த படங்கள் மட்டும் என்று முடிவாகிவிட்டது. பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். மீதிப் பேர் ரீகல் டாக்கீஸில் இங்கிலீஷ் படம் பார்த்து வளர்ந்த பெரியவர்கள்.

சிக்கல் என்னவென்றால், மனுஷர் வார்னர் பிரதர்ஸ் கம்பெனிக்கு மட்டுமே எண்பது படத்துக்கு மேல் எடுத்திருக்கிறார். கத்திச்சண்டை, பேய்ப்படம், ஜெயில், பாட்டு, யுத்தம் எல்லாம் இருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது? வருஷ வரிசையிலேயே போடலாமா? "அவருக்குன்னு ஒரு பாணியே கிடையாது, கம்பெனி குடுத்ததை எடுத்தார்" என்று குழுவிலேயே ஒருவர் சொல்கிறார். அது சரிதானா? போடும்போது தொழில்நுட்பமாக எதில் கவனம் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

தெப்பக்குளம்:

வருஷ வரிசை போதும், ஆனால் அதைப் படங்களின் வரிசையாகப் பார்க்காமல் சம்பளக் கணக்கின் வரிசையாகப் பாருங்கள். யாரிடம் வேலை பார்த்தார், அங்கே அவர் கையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பது தெரிந்தால்தான் கர்ட்டிஸ் பிடிபடுவார்.

1886-இல் புடாபெஸ்டில் பிறந்தவர். ஹங்கேரியில் கெர்தேஸ் மிஹாய். அங்கே குடும்பப் பெயர்தான் முதலில் வரும். 1912-லேயே இயக்குநர். 1913-இல் டென்மார்க் போய் நோர்டிஸ்க் கம்பெனியில் தொழில் பார்த்துவிட்டு வந்தார். 1919-இல் ஹங்கேரியை விட்டு வியன்னாவுக்கு. அங்கே சாஷா கம்பெனிக்காகப் பெரிய பெரிய செட் போட்டு, ஆயிரக்கணக்கில் ஆள் கூட்டி, பைபிள் கதைகள் எடுத்தார். 1924-இல் வந்த 'மூன் ஆஃப் இஸ்ரேல்' வார்னர்காரர்கள் கண்ணில் பட்டது. 1926-இல் அமெரிக்கா வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய நாற்பது. பத்தாண்டுக்கு மேல் இயக்குநராக இருந்தவர். இதைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஹாலிவுட் அவரை உருவாக்கவில்லை. முழுசாகத் தேர்ந்த ஒரு தொழிலாளியை அது விலைக்கு வாங்கியது.

வார்னரில் முறை இதுதான். கதை கம்பெனி கொடுக்கும். நடிகர்கள் ஒப்பந்தச் சம்பளத்தில் இருப்பவர்கள். தயாரிப்புத் தலைமையில் ஹால் வாலிஸ். படப்பிடிப்பு முடிந்ததும் இயக்குநர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார். எடிட்டிங் அறையில் கடைசிச் சொல் கம்பெனியுடையது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டி.ஆர். சுந்தரம் நடத்தியதும் இதே மாதிரியான கட்டுப்பாடுதான்: ஒரே வளாகம், மாதச் சம்பளம், மணி அடித்த மாதிரி வேலை. கர்ட்டிஸ் அந்த ஓட்டத்தில் 1938-இல் மட்டும் ஐந்து படம் வெளியிட்டார். அதில் 'ஃபோர் டாட்டர்ஸ்', 'ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்' இரண்டுக்குமே அதே வருஷம் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் பரிந்துரை. ஒரே ஆளின் இரண்டு படம் ஒன்றோடொன்று போட்டி போட்டது. பரிசு ஃபிராங்க் காப்ராவுக்குப் போனது.

எட்டு வாரத்துக்கு என் வரிசை: 'மிஸ்டரி ஆஃப் த வாக்ஸ் மியூசியம்' (1933), 'கேப்டன் ப்ளட்' (1935), 'ராபின் ஹுட்' (1938), 'ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்' (1938), 'காஸாப்ளாங்கா' (1942), 'மில்ட்ரெட் பியர்ஸ்' (1945), 'தி பிரேக்கிங் பாயிண்ட்' (1950), 'கிங் கிரியோல்' (1958).

1928-இல் வந்த 'நோவாஸ் ஆர்க்' படத்தைப் போட வேண்டாம், பேச்சில் மட்டும் சொல்லுங்கள். வெள்ளக் காட்சிக்குத் தண்ணீரைக் கூட்டத்தின் மேலேயே திறந்துவிட்டார்கள். துணை நடிகர்கள் பலருக்கு அடி. ஆளுக்குப் பாதுகாப்பு இல்லை என்று ஒளிப்பதிவாளர் ஹால் மோர் அந்தப் படத்தை விட்டே விலகினார். கர்ட்டிஸின் வேகத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதும் அவர் வரலாற்றில் சேர்த்திதான்.

ஆனையூர்:

தெப்பக்குளம் அண்ணன் வரிசை நல்ல வரிசை. "பாணியே இல்லை"ங்கிறதுக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், ஏன்னா அது பாதி உண்மை. கதையில தேடினா பாணி கிடைக்காது. கர்ட்டிஸுக்குன்னு ஒரு கொள்கை, ஒரே கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்றது, அதெல்லாம் கிடையாது. 1943-ல அதே ஆளு ரஷ்யாவைப் பாராட்டி 'மிஷன் டு மாஸ்கோ' எடுத்தார், அதே வருஷம் அமெரிக்க ராணுவத்துக்காகப் பாட்டுப் படமும் எடுத்தார். ரெண்டும் கம்பெனி குடுத்த வேலை.

பாணி இருக்கிறது கேமராவுல. மூணு விஷயம் சொல்லிட்டுப் படத்தைப் போடுங்க, பிள்ளைங்க தானா கண்டுபிடிச்சிருவாங்க.

ஒண்ணு, நிழல். ஆளைக் காட்டாம ஆளோட நிழலைச் சுவத்துல காட்டுவார். 'ராபின் ஹுட்' கடைசிக் கத்திச்சண்டையில ரெண்டு பேரும் ஃபிரேமை விட்டு வெளிய போயிருவாங்க, தூண்ல அவங்க நிழல் மட்டும் சண்டை போடும். ரெண்டு வருஷம் கழிச்சு 'தி ஸீ ஹாக்' படத்துலயும் இதே வேலை. 'காஸாப்ளாங்கா'வுல நாயகன் ரிக் பெட்டகத்தைத் திறக்கிறப்போ நாம பாக்கிறது சுவத்துல விழற நிழலைத்தான். 'ஏஞ்சல்ஸ்' படத்துல மரண தண்டனைக்குக் கூட்டிட்டுப் போற காட்சி முழுக்க நிழலும் முகமும்தான். அங்க நாயகனா நடிச்ச கேக்னி நிஜமாவே பயந்தாரா, நடிச்சாரான்னு படம் சொல்லாது. விவாதத்துக்கு அதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

ரெண்டாவது, முன்னாடி ஒரு பொருள். கேமராவுக்கும் ஆளுக்கும் நடுவுல விளக்கு, கம்பி, கயிறு, சக்கரம், ஏதாவது ஒண்ணு இருந்துக்கிட்டே இருக்கும். தட்டையான செட்டுக்கு ஆழம் குடுக்கிற வழி அது. செட்டோட ஒரு மூலையை மட்டும் கட்டிட்டு முன்னாடி ஒரு தூணை நட்டா பெரிய மாளிகை மாதிரி தெரியும். காசும் மிச்சம். இதுல பாதிப் பெருமை கலை இயக்குநர் ஆன்டன் குரோட்டுக்குச் சேரணும். 'கேப்டன் ப்ளட்', 'தி ஸீ ஹாக்', 'மில்ட்ரெட் பியர்ஸ்' மூணும் அவர் கை. ஸ்டூடியோவுக்குள்ளயே கடல் அலை அசையிற மாதிரி காட்டுறதுக்கு அவர் ஒரு கருவி பண்ணி, அதுக்குத் தனியா தொழில்நுட்ப ஆஸ்கர் வாங்கினார்.

மூணாவது, நகர்வு. நிக்க வச்சு வசனம் பேச விட மாட்டார். பேசுற ஆள் நடப்பான், இல்ல கேமரா நடக்கும். வாலிஸ் இவருக்கு எழுதின குறிப்புகள்ல பாதி, "இத்தனை கோணம் எதுக்கு, இத்தனை நகர்வு எதுக்கு"ங்கிற சண்டைதான்.

'காஸாப்ளாங்கா'வுல ரிக்கை அறிமுகப்படுத்துற இடத்தைத் தனியா ரெண்டு தடவை போட்டுக் காட்டுங்க. முதல்ல முகம் வராது. காசோலையில கையெழுத்துப் போடுற கை, மேஜையில சதுரங்கம், கிளாஸ், சிகரெட், அப்புறம்தான் கேமரா மேல ஏறி முகம். யாரோடயும் சேராத ஆள், தனக்குத் தானே சதுரங்கம் ஆடுறவன், கடைக்கு அவன்தான் முதலாளி. ஒரு வசனம் இல்லாம மூணும் தெரிஞ்சிரும்.

வில்லாபுரம் ப்ரொஜெக்டர்:

தொழில்நுட்பப் பக்கம் நான் சொல்கிறேன். பெரும்பாலான திரையிடல் கெட்டுப்போவது படத் தேர்வில் அல்ல, இங்கேதான்.

முதலில் திரை அளவு. வரிசையில் உள்ள படங்களில் 'கிங் கிரியோல்' தவிர மற்றதெல்லாம் 1.37 விகிதம், அதாவது ஏறக்குறையப் பழைய டிவி வடிவம். உங்கள் திரை 16:9. திரையின் உயரம் 4½ அடி என்றால் படத்தின் அகலம் 6 அடி 2 அங்குலம்தான் வரும். இரண்டு பக்கமும் தலா 11 அங்குலம் கறுப்பாக நிற்கும். அது சரியான நிலை. "திரை வீணாப் போகுதே" என்று யாராவது ரிமோட்டை எடுத்து முழுசாக இழுத்துவிட்டால் எல்லா முகமும் அகன்றுவிடும். ஜூம் பண்ணினால் தலையும் காலும் வெட்டுப்படும். ஆனையூர் சொன்ன நிழல் பாதி அந்த வெட்டில்தான் போகும். ப்ரொஜெக்டரில் ஆஸ்பெக்ட் என்பதை ஆட்டோ அல்லது நார்மலில் வைத்துவிட்டு, பிளேயரின் செட்டிங்கையும் தனியாகப் பாருங்கள். இரண்டில் ஒன்று தப்பாக இருந்தாலும் படம் இழுபடும். கறுப்புப் பருத்தித் துணி இரண்டு பட்டை, 11 அங்குல அகலத்தில் வெட்டித் திரையின் இருபுறமும் தொங்கவிட்டால் சாம்பல் ஒளி மறைந்து படம் பளிச்சென்று நிற்கும். டவுன்ஹால் ரோடு ஜவுளிக் கடைகளில் எங்கும் கிடைக்கிற துணிதான். பளபளக்கிற சாட்டின் வேண்டாம், ஒளி தெறிக்கும்.

அடுத்து, டிஸ்க் எந்த ஊர் டிஸ்க் என்று பாருங்கள். ஐரோப்பிய பால் (PAL என்ற டிவி முறை) டிவிடி என்றால் விநாடிக்கு 24 ஃபிரேம் படம் 25 ஃபிரேமாக ஓடும். 4 சதவீத வேகம் கூடும், குரலும் லேசாகக் கீச்சிடும். கண்டுபிடிக்க எளிய வழி, ஓடும் நேரம். 'காஸாப்ளாங்கா' 102 நிமிஷம் இருக்க வேண்டும், 98 காட்டினால் அது பால் காப்பி. 'கேப்டன் ப்ளட்' 119 நிமிஷம். பால் காப்பி 114 காட்டும், நூறுக்குப் பக்கத்தில் இருந்தால் வெட்டிய காப்பி. டிஸ்க்கில் விற்கும் நாட்டைக் குறிக்கும் ரீஜன் எண் இருக்கும்: அமெரிக்க டிவிடி ரீஜன் 1, நம் நாட்டு பிளேயர் ரீஜன் 5. மாற்றாத பிளேயரில் ஓடாது. புளூரேயில் அவர்கள் ஏ, நாம் சி. எதுவானாலும் வியாழக்கிழமையே முழுப் படத்தையும் ஒரு தடவை அதே பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். முதல் பத்து நிமிஷம் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். டிஸ்க் அடுக்கு மாறுகிற நடுப்பகுதியில்தான் பெரும்பாலும் திக்கும்.

'காஸாப்ளாங்கா'வுக்கு 1988-இல் வண்ணம் பூசிய காப்பி ஒன்று உண்டு. தயவுசெய்து அதைப் போடாதீர்கள். ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடிசனின் ஒளியமைப்பு கறுப்பு வெள்ளைக்காகச் செய்தது. மேலே நிறம் பூசினால் நிழலின் விளிம்பு எல்லாம் கரைந்துவிடும்.

'வாக்ஸ் மியூசியம்' நேர் எதிர். அது எடுத்ததே இரண்டு நிற டெக்னிகலரில். சிவப்புப் பக்கம், பச்சைப் பக்கம் இரண்டு பதிவு மட்டும்தான்; சரியான நீலம் அதில் வரவே வராது. வானமும் துணியும் பச்சை கலந்து தெரியும், தோல் லேசாக ஆரஞ்சு. ப்ரொஜெக்டர் கெட்டுவிட்டது என்று நிறத்தைத் திருத்தப் போகாதீர்கள். டைனமிக் அல்லது விவிட் மோடு வேண்டாம், சினிமா மோடு. ஃபிரேம் இடைச்செருகி வழுவழுப்பாக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

ஒலி மோனோ. சரவுண்ட் மோடை அணைத்து, ஒரே ஸ்பீக்கரைத் திரையின் நடுவில் கீழே, உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு வையுங்கள். இரண்டு மூலையில் இரண்டு ஸ்பீக்கர் வைத்தால் மாடி ஹாலில் எதிரொலிதான் கேட்கும். முப்பதுகளின் வார்னர் படங்களில் மூச்சு விடாமல் பேசுவார்கள். ஆங்கில சப்டைட்டில் கட்டாயம். பாத்திரங்களின் பெயரும் உறவும் தமிழில் அரைப் பக்கம் அச்சடித்து வாசலில் கொடுங்கள்.

கரண்ட் போனால் விளக்கு அணைவது பெரிதல்ல, சூடான விளக்கைக் குளிர்விக்கிற ஃபேன் நிற்பதுதான் ஆபத்து. சாதாரண ப்ரொஜெக்டர் 300 வாட் அளவில் இழுக்கும். 1 கே.வி.ஏ. யூபிஎஸ் ஒன்று இருந்தால் முறையாக அணைத்து ஆறவிட நேரம் கிடைக்கும்.

சிம்மக்கல்வாசி:

ரொம்ப நன்றி. ஓடும் நேரத்தை வைத்து டிஸ்க்கைக் கண்டுபிடிக்கிற விஷயம் உடனே உதவியது. எங்களிடம் இருக்கும் 'காஸாப்ளாங்கா' 98 நிமிஷம்தான் காட்டுகிறது, மாற்றிவிடுகிறோம்.

இன்னொரு கேள்வி. 'காஸாப்ளாங்கா' வாரத்தில் கண்டிப்பாகக் கேட்பார்கள்: கதை நாடகத்திலிருந்து வந்தது, வசனம் மூன்று பேர், தயாரிப்பு வாலிஸ், அப்படியென்றால் கர்ட்டிஸுக்கு எதற்கு ஆஸ்கர்?

தெப்பக்குளம்:

நல்ல கேள்வி. கேட்கிறவரை மறிக்காமல் பங்கைப் பிரித்தே காட்டுங்கள்.

அரங்கேறாத ஒரு நாடகத்தைக் கம்பெனி வாங்கியது. ஜூலியஸ், ஃபிலிப் எப்ஸ்டைன் என்ற இரட்டையரும் ஹவர்ட் காக் என்பவரும் திரைக்கதை எழுதி மூவருமே ஆஸ்கர் வாங்கினார்கள். நடிகர் தேர்வு, செலவு, இறுதி வடிவம் வாலிஸ். "அழகான நட்பின் தொடக்கம்" என்று முடிகிற அந்தக் கடைசி வசனமும் வாலிஸ் எழுதியது. படப்பிடிப்பு முடிந்து சில வாரம் கழித்துப் ரிக்காக நடித்த போகார்ட்டைக் கூப்பிட்டுக் குரல் மட்டும் பதிந்து சேர்த்தார்கள். அதனால்தான் அந்த வரி வருகிறபோது இருவரும் முதுகைக் காட்டி மூடுபனிக்குள் நடந்து போகிறார்கள். வாய் அசைவு தெரியாது. எழுந்துபோகும் கூட்டத்தை நிறுத்தி இதைக் காட்டுங்கள்.

1942 மே கடைசியில் படப்பிடிப்பு தொடங்கியபோது திரைக்கதையின் பின்பகுதி முடிந்திருக்கவில்லை. அதனால் பெரும்பாலும் கதை வரிசையிலேயே எடுத்தார்கள். கதாநாயகி பெர்க்மனுக்கு இரண்டு ஆண்களில் யாரோடு போகப்போகிறோம் என்று தெரியாது. ஸ்டூடியோவுக்குள் போட்ட விமான நிலையத்தில் முழு விமானம் வைக்க இடமில்லை. சின்ன அளவு விமானம் செய்து, அதைச் சுற்றிக் குள்ளமான ஆட்களை நிறுத்தி, குறையை மறைக்கப் பனிப்புகையைத் திறந்துவிட்டார்கள். இத்தனை ஓட்டைக்கும் நடுவில் 102 நிமிஷமும் தொய்யாமல், யார் எங்கே நிற்கிறார், யாரைப் பார்க்கிறார் என்ற குழப்பம் ஒரு நொடிகூட வராமல் நிற்கிறது. அந்த இழுத்துப்பிடிப்புக்குத்தான் கர்ட்டிஸுக்கு ஆஸ்கர். பிரெஞ்சு தேசிய கீதம் பாடுகிற காட்சியைப் பாருங்கள். ரிக் தலையை ஒரு தடவை அசைக்கிறார், வாத்தியம் தொடங்குகிறது. அதற்குப் பிறகு கேமரா ஒவ்வொரு முகமாகத் தேடிப் போகிறது. அந்த முகங்களில் பலர் நிஜமாகவே ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஐரோப்பிய நடிகர்கள். நாட்டை விட்டு வந்த வலி கர்ட்டிஸுக்கும் புதிதல்ல.

திருநகர் வாசகி:

வரிசைக்கு ஒரு சேர்க்கை சொல்கிறேன். 'மில்ட்ரெட் பியர்ஸ்' படத்தை 'காஸாப்ளாங்கா'வுக்கு அடுத்த வாரமே வைத்திருப்பது சரி. ஆனால் முன்னுரையில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூலக் கதையில் கொலையே கிடையாது. தயாரிப்பாளர் ஜெர்ரி வால்ட் கொலையை முன்னால் கொண்டுவந்து, போலீஸ் விசாரணையிலிருந்து பின்னோக்கிச் சொல்கிற அமைப்பை வைத்தார். கடற்கரை வீட்டின் இருட்டையும் நெளியும் வெளிச்சத்தையும் கர்ட்டிஸும் ஒளிப்பதிவாளர் எர்னஸ்ட் ஹாலரும் கொடுத்தார்கள். அதே படத்தின் நடுப்பகுதியோ பட்டப்பகல் வெளிச்சம்: பணிப்பெண் வேலை, சமையல், ஓட்டல் தொடங்குகிற கணக்குவழக்கு. ஒரு பெண் தன் கையால் தொழில் கட்டி எழுப்புகிற பகுதி அது. மதுரையில் மெஸ் நடத்துகிற எந்தப் பெண்ணுக்கும் அந்தப் பகுதி விளக்கம் இல்லாமல் புரியும். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவிலான அந்த வெட்டுக்களை எண்ணச் சொல்லுங்கள். ஜோன் கிராஃபர்டுக்கு அந்தப் படத்தில்தான் ஆஸ்கர்.

'தி சார்ஜ் ஆஃப் த லைட் பிரிகேட்' (1936) போடலாமா என்று யாராவது கேட்பார்கள், இந்தியக் கதை என்பதால். இந்தியா முழுக்கக் கலிஃபோர்னியா மலைதான், அது போகட்டும். குதிரைகளின் காலில் கம்பி கட்டி இடறவைத்து விழவைத்தார்கள், பல செத்தன. படத்தைப் பாராட்டிப் பேசுகிற பலர் இதைச் சொல்வதில்லை. போட்டால் சொல்லிவிட்டுப் போடுங்கள், சொல்ல மனமில்லை என்றால் போடாதீர்கள்.

பெரியவர்கள் 'ராபின் ஹுட்' பார்க்கும்போது எம்.ஜி.ஆர். கத்திச்சண்டையை நினைக்காமல் இருக்க மாட்டார்கள். அந்தப் பேச்சைத் தடுக்க வேண்டாம். படிக்கட்டில் சண்டை, மேஜை மேல் தாவல், எதிரியின் வாள் கைநழுவினால் மறுபடி எடுக்க விடுவது, எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பேசட்டும். ஒரு தகவல்: அந்தப் படத்தைத் தொடங்கியவர் வில்லியம் கீலி. வெளிப்புறக் காட்சிகள் பெரும்பகுதி அவருடையது. வேகம் போதவில்லை என்று கம்பெனி நடுவில் அவரை மாற்றிக் கர்ட்டிஸை உட்காரவைத்தது. கோட்டைக்குள் நடப்பவை பெரும்பாலும் கர்ட்டிஸ். எங்கே கை மாறுகிறது என்று கண்ணாலேயே கண்டுபிடிக்க முடியும்.

கடைசி இரண்டு வாரம் பற்றி. 1947-இல் வார்னருக்குள்ளேயே சொந்தக் கம்பெனி தொடங்கினார். பாடகி டோரிஸ் டேயை 1948-இல் முதல் முதலாகத் திரைக்குக் கொண்டுவந்தவர் அவரே. ஆனால் சொந்தக் கம்பெனி நிலைக்கவில்லை. ஐம்பதுகளின் முதல் பாதியில் வார்னரை விட்டு வெளியே வந்த பிறகு, கூடவே இருந்த ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர், எடிட்டர் யாரும் கூட வரவில்லை. அந்த இழப்பு படங்களில் தெரிகிறது. 'ஒயிட் கிறிஸ்மஸ்' (1954) அந்த வருஷத்தின் பெரிய வசூல். ஆனாலும் அதில் ஆனையூர் சொன்ன மூன்றில் ஒன்றைக்கூடத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாடகர் எல்விஸ் நடித்த 'கிங் கிரியோல்' நியூ ஆர்லியன்ஸ் தெருவில், கறுப்பு வெள்ளையில். அதில் பழைய கை திரும்பி வருகிறது, தெப்பக்குளம் தேர்ந்தது சரி. கடைசிப் படம் 'தி கமான்சரோஸ்' (1961); உடல்நிலை மோசமானதால் ஒரு பகுதியை நாயகன் ஜான் வெய்னே எடுத்துக் கொடுத்தார். 1962 ஏப்ரலில் கர்ட்டிஸ் இறந்தார்.

'தி பிரேக்கிங் பாயிண்ட்' வாரத்தில் மட்டும் ஹால் விளக்கைச் சீக்கிரம் போட்டுவிடாதீர்கள். கதாநாயகன் கதை முடிந்துவிட்டது என்று எல்லாரும் எழுந்திருக்கிற நேரத்தில், படகுத்துறையில் அப்பாவுக்காகக் காத்து நிற்கிற ஒரு சிறுவனிடம் கேமரா போய் நிற்கிறது. யாரும் அவனிடம் எதுவும் சொல்வதில்லை. 97-ஆவது நிமிஷம் வரை விளக்கு அணைந்தே இருக்கட்டும்.